முன்கை

கயிறு பிடிக்கிறவன் கிணற்றுக்கு மேலே நிற்பான், ஆனால் அவன் இருப்பது கீழேதான். ராஜமாணிக்கம் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், கேப்பர் மலை வெயில் இவன் மண்டைக்குள் இறங்கிவிட்டது என்பார்கள்.

கடலூருக்கு மேற்கே செம்மண் மேட்டில் கிணறு வெட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மேலே ஆள் உயரத்துக்குச் சிவப்பு மண், அதற்குக் கீழே கடப்பாரையைத் திருப்பி அடிக்கும் சுக்கான்பாறை, அதற்கும் கீழே எப்போது சரியும் என்று தெரியாத வெள்ளை மணல். தண்ணீர் அதற்கும் கீழே எங்கேயோ கிடக்கும். இறங்குகிறவன் பலகையில் உட்கார்ந்து வடத்தைப் பிடித்துக்கொள்வான். வடம் கப்பியில் ஏறி இந்தப் பக்கம் இறங்கும். பின்னால் இழுக்க ஆட்கள் நிற்பார்கள். எல்லோருக்கும் முன்னால், கிணற்று விளிம்பில் ஒருவன் நின்று வடத்தை இரண்டு கையாலும் பிடித்திருப்பான். அவனுக்குத்தான் முன்கை என்று பேர். அவன் சொன்னால் இழுக்க வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும்.

முன்கை யார் என்பதில் கிணறு வெட்டுகிறவர்களிடம் பேச்சுக்கே இடமில்லை. இறங்குகிறவனின் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன்தான் முன்கை. சொந்த அண்ணன் தம்பி கூடாது. பங்காளிக்கு எந்த நேரத்தில் பங்கு ஞாபகம் வரும் என்று சொல்ல முடியாது. மச்சான் அப்படி இல்லை. கூடப் பிறந்தவள் தாலியை அவனே அறுப்பானா?

தங்கை பட்டம்மாளைத் தங்கராசுக்குக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து ராஜமாணிக்கம்தான் தங்கராசுக்கு முன்கை. வடத்தில் கை வைத்தால் போதும், தங்கராசு கீழே என்ன செய்கிறான் என்று உள்ளங்கைக்குத் தெரியும். கால் சுவரில் பட்டால் ஒரு சிலுப்பல். பலகையை விட்டு இறங்கினால் வடம் ஒரு பெருமூச்சு விடும். மத்தியான வெயிலில் கண் செருகும். கண் செருகினாலும் கை செருகாது. அந்த அரைத் தூக்கத்தில் அவன் கீழே போய்விடுவான். ஈர மண்ணின் வாடை வரும். தலைக்கு மேல் வானம் ஒரு தாம்பாளம் அகலத்துக்குச் சுருங்கிப்போகும். தன் வாழ்நாளில் ஒரு கிணற்றுக்குள்ளும் அவன் இறங்கியதில்லை. கல்யாணம் ஆகாதவன், பெண்டாட்டி இல்லாதவனுக்கு முன்கை ஏது?

போன ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு நாள் விளிம்பு மண் சரிந்து, பின்னால் இழுத்தவர்கள் வழுக்கி விழுந்தார்கள். தங்கராசு பாதிக் கிணற்றில் தொங்கினான். ராஜமாணிக்கம் ஒற்றை ஆளாக வடத்தைப் பிடித்தபடி நின்றான். ஆட்கள் எழுந்து வந்து பிடித்தபோது தங்கராசு பத்திரமாக இருந்தான். ராஜமாணிக்கத்தின் வலது தோள்தான் இடத்தில் இல்லை. வைத்தியர் எண்ணெய் போட்டு உருட்டி ஏற்றிக் கட்டினார். கை வந்தது. சோற்றுக் கவளத்தைத் தூக்கும், வடத்தைத் தூக்காது.

கிணறு பாதியில் நின்றது. பட்டம்மாளுக்கு வேறு அண்ணன் தம்பி கிடையாது.

இந்த நிலையில்தான் காண்ட்ராக்டர் சுப்பராயலு தன் பழைய லாரியை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். சண்டைக் காலத்து மிலிட்டரி லாரி, ஏலத்தில் எடுத்தது. முன்னால் பம்பருக்கு மேலே ஒரு வின்ச்; மோட்டாரும் இரும்புக் கயிறு சுற்றிய உருளையுமாக, இரும்புத் தவளை மாதிரி குந்தியிருந்தது. பேட்டரியில் ஓடுவது. ஒரு காலத்தில் சேற்றில் மாட்டிய வண்டிகளையும் சாய்ந்த மரங்களையும் இழுத்ததாம். இப்போது எலி கடித்த வயர்கள் அதன் வயிற்றிலிருந்து தொங்கின.

"இதுக்கு மட்டும் உசுரு வந்துட்டா வடமும் வேணாம், ஆளும் வேணாம். ஒத்த வெரலு போதும்யா" என்றார் சுப்பராயலு.

"ஒத்த வெரலு என்கிட்ட இருக்குது. நானே புடிச்சிக்கிறேன்" என்றான் ராஜமாணிக்கம்.

சுப்பராயலு சிரித்தார். "வடம் புடிக்க மச்சான் வேணும், சரி. சுவிட்ச அமுக்குறதுக்கு மச்சான் எதுக்குய்யா? லாரி என்னுது. நானே அமுக்கிக்கிறேன்."

கெட்ட மனுஷன் இல்லை. மனசில் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் ராஜமாணிக்கத்துக்குக் காலில் ஏறிய கருவேல முள் மாதிரி உள்ளேயே நின்றது. முன்கை இல்லாத ராஜமாணிக்கம் என்றால் யார்? தங்கராசு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு நொண்டிக் கை. அதுகூடப் பெரிசில்லை. தங்கராசு கீழே தொங்கும்போது, அவனை யாரென்றே தெரியாத ஒரு கை மேலே இருக்கும்.

"மொதல்ல ஓடட்டும்" என்று மட்டும் சொன்னான். வின்ச்சின் மோட்டாரையும் அதை ஓட்டும் கைப்பிடிப் பெட்டியையும் கழற்றி, சாக்கில் சுற்றிக்கொண்டு, முதுநகர் ஸ்டேஷனில் சிதம்பரத்துக்கு ரயில் ஏறினான்.

பெஞ்சில் இடம் கிடைத்தது. சாக்கு மூட்டையை மடியில் வைத்து, நல்ல கையால் அணைத்துக்கொண்டான். எதிரே உட்கார்ந்திருந்த மீன்காரம்மாள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னாய்யா அது, கொழந்தயாட்டம் புடிச்சிருக்க?"

"மோட்டாருங்க."

"ஒடம்பு சரியில்லியா?"

"ஆமா. சிதம்பரத்துல காட்டப் போறேன்."

"நல்ல கைராசிக்காரனா பாத்துக் காட்டு" என்று சொல்லிவிட்டு அவள் கூடைமேல் சாய்ந்து தூங்கிப்போனாள்.

செம்மங்குப்பம் போனது, ஆலப்பாக்கம் போனது. கடற்காற்று உப்பையும் கரிப்புகையையும் சேர்த்து முகத்தில் அப்பியது. உப்பளங்கள் வெயிலில் கண்ணாடி போட்டதுபோல் கிடந்தன. பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் ஏறியதும் சத்தம் மாறியது. தரை போய்விட்டது. கீழே பச்சைத் தண்ணீர், அதில் அசையாமல் ஒரு தோணி. பாலத்தின் அதிர்வு பெஞ்சில் ஏறி, மடியில் இருந்த இரும்புக்கு வந்து, அங்கிருந்து அவன் கைக்கு வந்தது. சாக்கு கட்டிய கயிற்றைத் தன்னையறியாமல் இறுக்கிப் பிடித்தான். ஆற்றுக்கு அடியில் தங்கராசு நின்று மண் வெட்டுவதுபோல் இருந்தது. மீன்கள் அவனைச் சுற்றிப் போயின. 'மச்சான், தண்ணி கண்டுட்டேன்' என்று சொல்லி அவன் சிரித்தான். இழுக்கணுமே என்று ராஜமாணிக்கம் நினைத்தான். ஆனால் கயிறு எவ்வளவு நீளம் என்று தெரியவில்லை. இழுக்க இழுக்க ஆறுதான் வந்தது.

கிள்ளையில் வண்டி நின்ற குலுக்கலில் கண் திறந்தான். கை, கயிற்றை விடாமல் இருந்தது.

சிதம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஜமாலுதீனுக்கு ஒரு தகரக் கொட்டகை. பரங்கிப்பேட்டைக்காரர். சின்ன வயசில் பினாங்கில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, சண்டை முடிந்த கையோடு திரும்பியவர். லாரி டைனமோவிலிருந்து சினிமாக் கொட்டகை விசிறி வரைக்கும் அவரிடம்தான் வரும்.

சாக்கைப் பிரித்ததும் மோந்து பார்த்தார். "எலி மூத்திரம். கறிக்கஞ்சி மாதிரி மணக்குது. எத்தினி வருசமாத் தூங்குது இது?"

"தெரியல பாய். எழுப்பிடுவீங்களா?"

"நான் எங்க எழுப்புறது. எழுப்புறவன் மேல இருக்கான். நான் தட்டிப் பாக்குறேன்."

ஒரு பல்பையும் பேட்டரியையும் வைத்துச் சோதனை ஆரம்பித்தார். ஒரு முனையைச் சுருளில் வைத்தார், மறு முனையை மோட்டாரின் இரும்பு உடம்பில் வைத்தார். எரியவே கூடாத பல்பு மங்கலாகச் சிவந்தது.

"பாத்தியா மச்சான்? உள்ளயே கசியிது. கரண்டு போற எடத்துக்குப் போவாம ஒடம்புல எறங்குது." வயர்மேல் இருந்த ரப்பரை நகத்தால் தொட்டார். காய்ந்த வடகம் மாதிரி நொறுங்கி விழுந்தது. "இதோட தோலெல்லாம் செத்துப்போச்சு. உரிச்சிப் புதுசா போத்தணும்."

கரி பிடித்திருந்த செம்பு உருளையை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தார். தேய்ந்த கார்பன் கட்டைகளை எறிந்துவிட்டு வேறு போட்டார். சுருள்களைக் கழற்றி, பழைய துணியை உரித்து, வெறும் செம்பாக ஒரு தட்டில் வைத்து, கொட்டகைக்குப் பின்னால் வீட்டுக் கதவின் திரைக்கு அந்தப் பக்கம் நீட்டினார். வளையல் போட்ட ஒரு கை வாங்கிக்கொண்டது.

"எங்க வூட்ல அஜீசுன்னிசா சுத்துற மாதிரி நாடா சுத்த எனக்கு வராது. ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறி, மெத்தப் பாய் மொடைஞ்ச மாதிரி வரும்."

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "புகழ்ந்தது போதும். வார்னிஷ எங்க வச்சீங்க?"

நாடா சுற்றிய சுருள்கள் வார்னிஷில் முங்கி எழுந்து, தகரக் கூரைமேல் வெயிலில் காய்ந்தன. காயும்வரை வேலை இல்லை. ராஜமாணிக்கம் கொட்டகை நிழலில் ஒரு டயர்மேல் சாய்ந்து கிடந்தான். வார்னிஷ் வாடை பழுத்த பலாப்பழம் போலவும் மருந்துக் கடை போலவும் வந்தது. தூரத்தில் கோபுரம் வெயிலில் மிதந்தது. பக்கத்துச் சந்தில் யாரோ நெல் புடைத்தார்கள். அந்தச் 'சர்… சர்…' கேட்கக் கேட்க, தன் வலது கை உடம்பிலிருந்து கழன்று, கூரைமேல் அந்தச் சுருள்களோடு காய்ந்துகொண்டிருப்பதாக அவனுக்குப் பட்டது. யாரோ அதற்கும் புதுத் தோல் போர்த்தியிருக்கிறார்கள். காய்ந்ததும் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லாம் மாட்டி, பேட்டரியில் தொட்டபோது மோட்டார் ஒருமுறை திடுக்கிட்டது. அப்புறம் சுற்றியது. கொட்டகை முழுக்க ஒரு முனகல் பரவியது.

"இதுல ஒண்ணு தெரிஞ்சிக்க" என்றார் ஜமாலுதீன். பேட்டரி வயர்களை முன்னது பின்னதாக மாற்றிக் கொடுத்தார். மோட்டார் அதே பக்கமே சுற்றியது. "பேட்டரிய எப்படிக் குடுத்தாலும் ஒரே பக்கம்தான் போவும், புடிவாதக் கழுத. திருப்பணும்னா சுருளோட இந்த ரெண்டு முனையத்தான் மாத்தணும். கைப்பிடி செய்யிறது அந்த வேலையத்தான்." இரண்டு முனைகளிலும் ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் வெள்ளை நூல் கட்டினார். "கைப்பிடிய எந்தப் பக்கம் தள்ளுனா மேல வரணும்னு நீ அங்க போயி வச்சிக்க. ஒங்க வின்ச்சு உருளையில கயிறு எந்தப் பக்கமா சுத்தியிருக்குன்னு எனக்கு என்னா தெரியும்? தப்பா வந்தா செவப்ப வெள்ள எடத்துல மாட்டு. அவ்ளோதான். கைய வுட்டா ஸ்பிரிங்கு இழுத்து நடுவுல நிறுத்திடும்."

மறுபடி ரயில், மறுபடி வெள்ளாறு. இந்தத் தடவை அவன் தூங்கவில்லை.

மேட்டில் லாரியைக் கிணற்றைப் பார்த்து நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார்கள். வின்ச்சின் இரும்புக் கயிறு கப்பியில் ஏறி, நுனியில் கொக்கியோடு கிணற்றுக்குள் தொங்கியது. ராஜமாணிக்கம் மோட்டாரை மாட்டி, சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் பெட்டியில் முடுக்கினான். கைப்பிடி இடுப்பு உயரத்துக்கு இருந்தது. பிடித்துக் கீழே இழுத்தான். கொக்கி மேலே வந்தது. மேலே தள்ளினான். கொக்கி கீழே போனது. சரியாக இருக்கிறது என்று பெட்டியை மூடினான். வேறு மாதிரி இருக்க முடியும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

முதலில் மணல் மூட்டையைக் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். மோட்டார் முனகியது, மூட்டை மெதுவாக, சாமி இறங்குவதுபோல் இறங்கியது. தங்கராசு விளிம்பில் குந்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒல்லியான ஆள், செம்மண் ஏறி ஏறிக் காது மடல்கூடச் சிவந்தவன்.

"என்னைவுட மரியாதையா எறங்குது மச்சான்."

"அது பேசாம எறங்குது. நீ பேசிக்கிட்டே எறங்குவ."

"குடுய்யா இங்க" என்று சுப்பராயலு கைப்பிடியைப் பிடித்தார். பாதிக் கிணற்றில் நின்ற மூட்டையை மேலே கொண்டுவர, கைப்பிடியை மேலே தள்ளினார். மூட்டை கீழே போனது. வரவில்லையே என்று இன்னும் அழுத்தித் தள்ளினார். மூட்டை அடியில் போய், காலையில் கயிறு கட்டி இறக்கி வைத்திருந்த தங்கராசின் தண்ணீர்ப் பானைமேல் உட்கார்ந்தது. பானை உடைந்த சத்தம் மங்கலாக மேலே வந்தது. அதற்குமேலும் அவர் தள்ளிக்கொண்டே இருந்ததில், தொய்ந்த இரும்புக் கயிறு உருளையிலிருந்து பாம்புச் சுருளாய்ப் பிதுங்கி விழுந்தது.

"வுடுங்க! கைய வுடுங்க!" என்று ராஜமாணிக்கம் கத்தினான்.

சுப்பராயலு கையை விட்டார். முகம் சிவந்திருந்தது. "எவன்யா தலகீழா மாட்டுனது?"

"நேராத்தாங்க இருக்குது."

"எதுய்யா நேரு? மேல தள்ளுனா கீழ போவுது!"

"மேல தள்ளுனா கீழதான் போவும். வடத்த கீழ இழுத்தாத்தான ஆளு மேல வருவான்?"

சுப்பராயலு அவனையே பார்த்தார். பிறகு தங்கராசைப் பார்த்தார். தங்கராசும் இதில் என்ன சந்தேகம் என்பதுபோல் நின்றான். அந்த நேரம் பட்டம்மாள் கூழ்ச் சட்டியோடு மேடேறி வந்தாள்.

"எம்மா, நீ சொல்லு" என்றார் சுப்பராயலு. "கீழ ஒரு மூட்டை கெடக்குது. மேல வரணும். இத எந்தப் பக்கம் தள்ளுவ?"

பட்டம்மாள் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தாள். கைப்பிடியைப் பிடித்தாள். யோசிக்காமல் கீழே இழுத்தாள். மூட்டை பானை ஓட்டோடு எழும்பி வந்தது.

"தண்ணி எறைக்கிறப்ப எப்படி இழுப்பாங்களோ அப்படித்தான" என்றாள்.

"ஒங்க குடும்பமே தலகீழ்க் குடும்பம்" என்று சுப்பராயலு தலையில் அடித்துக்கொண்டார். "ஊர்ல இருக்கிற லாரி, டிராக்டரு எல்லாத்துலயும் மேல தள்ளுனா மேலதான். நானு அப்படித்தான் பழகியிருக்கேன். அவசரத்துல என் கை அப்படித்தான் போவும். மாத்து."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் ராஜமாணிக்கத்தைப் பயமுறுத்தியது. அவசரத்தில் மூளை வேலை செய்யாது. கைதான் வேலை செய்யும். மாற்றினால் சுப்பராயலு பிடிக்கலாம், தன்னால் இந்த ஜென்மத்தில் முடியாது. தங்கராசு அலறினால் தன் கை கீழேதான் இழுக்கும், தங்கராசு அடிக்குத்தான் போவான். மாற்றாவிட்டால் சுப்பராயலின் கை அவனை அடிக்கு அனுப்பும். தங்கராசு யார் கையில் தொங்குவது என்பது சிவப்பு நூல், வெள்ளை நூல் இரண்டு முனையில் இருந்தது. திருகினால் மாறிவிடும். ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகாது.

பெட்டியைத் திறந்தான். நூல்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். சண்டை போட்டு ஜெயிக்கிற விஷயமாக அது தெரியவில்லை. மூட்டைக்கு எந்தக் கையும் ஒன்றுதான். உயிருள்ள ஆளுக்கு இந்த இரும்பு எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது. பெட்டியை மூடினான்.

"மாப்ள, இன்னிக்கு நீ எறங்காத. நான் எறங்கிப் பாத்துட்டு வரேன்."

தங்கராசு எழுந்துவிட்டான். "என்னா மச்சான் பேசுற? நீ எறங்கக்கூடாது. ஒனக்கு முன்கை யாரு?"

"அதான் நான் இருக்கேன்ல" என்று சுப்பராயலு நகர்ந்தார்.

பட்டம்மாள் கைப்பிடியை விடவில்லை. "நீங்க தள்ளி நில்லுங்க. எங்கூடப் பொறந்தவன நான் புடிக்கிறேன்."

"பொம்பள கயிறு தொடலாமா?" என்றார் சுப்பராயலு.

"இது கயிறு இல்லியே. சுவிட்சுதான?"

தங்கராசு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். சுப்பராயலு பீடியைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவினார்.

ராஜமாணிக்கம் பலகையில் உட்கார்ந்து, இடது கையால் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். கால்கள் விளிம்பை விட்டன.

முதலில் வெயில் போயிற்று. யாரோ தலையிலிருந்து ஒரு சுமையை இறக்கியதுபோல் இருந்தது. சிவந்த சுவர் முகத்துக்கு முன்னால் மேலேறியது. அதில் தங்கராசின் கடப்பாரைக் கொத்துகள், கோழி கிளறிய மாதிரி வரிசை வரிசையாக. அவற்றில் ஒவ்வொன்றும் வடத்தின் வழியே ஒருநாள் தன் கைக்கு வந்தவைதான். கண்ணால் இப்போதுதான் பார்க்கிறான். அப்புறம் சுக்கான்பாறை, பழைய எலும்பு நிறத்தில். அதன் இடுக்கில் ஒரு வேர், மேலே இருக்கிற எந்த மரத்துடையதோ, வழி தெரியாமல் தொங்கியது. குளிர் பாதத்திலிருந்து ஏறியது. மேலே வானம் தாம்பாளமானது, தாம்பாளம் கிண்ணமானது. பயமில்லை. பல தடவை வந்த வீட்டுக்கு, முதல்முறையாகக் காலால் நடந்து வருவதுபோல் இருந்தது.

கால் மணலில் பதிந்ததும் இயந்திரம் நின்றது. அந்த அமைதியை என்னவென்று சொல்வது? தன் மூச்சு சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. உடைந்த பானைத் தண்ணீர் காலடியில் இருண்டு கிடந்தது. தலை தூக்கினான். அந்தச் சின்ன வெளிச்சத்தில் முகங்கள் இல்லை. அங்கே ஒரு கை இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். இத்தனை வருஷமும் தங்கராசு பார்த்தது இதைத்தான். தினமும் இங்கே நின்று, மேலே முகம் தெரியாத அந்தக் கையை நம்பி, வெட்டிக்கொண்டே பாட்டுப் பாடியிருக்கிறான், படுபாவி.

"பட்டு! இழு!"

இரும்புக் கயிறு மெல்ல நடுங்கத் தொடங்கியது. பிடித்திருந்த இடது உள்ளங்கையில் அந்த நடுக்கம் ஓடியது. வடம் போல் இல்லை. வடம் பேசும், இது முனகியது. ஆனால் முனகலிலும் ஏற்ற இறக்கம் இருந்தது. பலகை சுவரில் உரசினால் நடுக்கம் கரகரத்தது. அவன் காலை ஊன்றி எடை குறைத்தால் லேசானது. அட, இதுவும் சொல்கிறதே என்று நினைத்தவன், அந்த நினைப்பிலேயே கண்ணை மூடிவிட்டான். அதுதான் தப்பாகப் போனது.

பலகையின் ஓரம் சுக்கான்பாறையின் ஒரு பல்லுக்கு அடியில் போய் மாட்டியது. இயந்திரத்துக்கு என்ன தெரியும்? அது இழுத்தது. பலகை செங்குத்தாகச் சாய்ந்தது. அவன் கெட்ட தோள் சுவரில் மோதியது. கயிறு நரம்புபோல் விறைத்துக் கிறீச்சிட்டது. குரல் எழும்பவில்லை.

மேலேயிருந்து சுப்பராயலின் குரல்: "வண்டி தெணறுது! அமுக்கும்மா, நல்லா அமுக்கு! இழு!"

இழுக்கவில்லை. முனகல் நின்றது. கயிறு ஒரு சாண் இளகியது, இன்னும் ஒரு சாண். பலகை பாறைப் பல்லிலிருந்து கழன்று, ஆடி, கிணற்று நடுவுக்கு வந்தது. அப்புறம் மறுபடி, மெதுவாக, மேலே.

விளிம்பில் தங்கராசு அவனை அக்குளில் கை கொடுத்து வெளியே எடுத்தான். ராஜமாணிக்கத்தின் உடம்பெல்லாம் செம்மண். பட்டம்மாளின் கை இன்னும் கைப்பிடிமேல் இருந்தது.

"எப்படித் தெரிஞ்சிது?" என்று கேட்டான்.

"என்னா எப்படி? கொடம் சொவுத்துல மாட்டுனா இழுப்பாங்களா? கொஞ்சம் வுட்டுப் புடிப்பாங்க." சொல்லிவிட்டு, சுப்பராயலு பக்கம் திரும்பாமலே, "இழு இழுன்னு கத்துறாரு மனுசன்" என்றாள். கூழ்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

சுப்பராயலு கிணற்றை எட்டிப் பார்த்தார். பாறைப் பல்லில் புதிதாக வெள்ளைக் கீறல் இருந்தது. பலகையின் ஓரம் பிளந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விளிம்பிலிருந்து விலகி வந்தார்.

"அந்த வயரு முனைய மாத்தாத. அப்படியே இருக்கட்டும்" என்றார். "நான் பேட்டரிய பாத்துக்கிறேன்."

பாறைப் பல்லை அடித்து எடுப்பதுதான் முதல் வேலை என்று தங்கராசு கடப்பாரையைப் பலகையில் கட்டினான். வேறு பலகை போட்டிருந்தார்கள். ராஜமாணிக்கம் வலது கையைக் கைப்பிடியில் வைத்தான். இடுப்பு உயரம்; தோளுக்கு வலியில்லை. இடது உள்ளங்கையை, உருளையைத் தாங்கிய இரும்புச் சட்டத்தின்மேல் விரித்து வைத்தான்.

"அது எதுக்குய்யா அங்க?" என்றார் சுப்பராயலு.

"சும்மா."

தங்கராசு போனான். அவன் போகும்போதே பேச ஆரம்பித்துவிட்டான். பானைக்கு யார் காசு தருவது என்பதில் தொடங்கி, பேச்சு குழறலாகி, வெறும் சத்தமாகி, பிறகு அதுவும் இல்லை. மத்தியான வெயில் மேட்டின்மேல் பாலாடைபோல் நின்றது. ராஜமாணிக்கத்துக்குக் கண் செருகியது. உள்ளங்கைக்கு அடியில் இரும்பு முனகியது. வெகு தூரத்தில், பிறகு அவ்வளவு தூரமில்லாமல், ஈர மண்ணின் வாடை வந்தது. அந்த வேர் கடந்து போயிற்று. சுவரில் ஒரு கால் உரசியது.

நடுக்கம் லேசானது. கையை விட்டான். இயந்திரம் நின்றது.

கீழேயிருந்து குரல் வந்தது. "என்னா மச்சான், நான் இன்னும் சொல்லவே இல்ல, நிறுத்திட்ட?"

"பாறை மேல காலு வச்சிட்ட இல்ல?"

"வச்சிட்டேன்" என்றது கிணறு.

பிறகு கடப்பாரை விழும் சத்தம் கேட்கத் தொடங்கியது.